கோர்வையும் கோவையும்



காஞ்சிபுரத்துத் தறிகளில் நாள்தோறும் வழங்கும் சொல் 'கோர்வை'. தமிழாசிரியர் பலர் பிழையெனத் திருத்தும் சொல்லும் அதுவே. 'கோ' என்னும் வினையடியினின்று கோத்தான், கோக்கிறான், கோப்பான் என்றே சொற்கள் பிறக்கும். இடையே ரகரம் நுழைய இலக்கணம் இல்லை. ஆதலின் 'கோவை' என்பதே செம்மையான வடிவம் என்பது அவர்தம் வாதம். மாலை கோத்தலைப் பற்றி எழுதுவோர்க்கு அவ்விதி பொருந்தும். தறிக்கும் பொருந்துமா என்பதே வினா.

நெசவாளர் கோர்வை என்று சுட்டுவது ஒரு தனித்த நுட்பத்தை. சேலையின் உடலுக்கு ஒன்றும், கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை கரைக்குள் புகாமல், எல்லையில் கரையின் ஊடையோடு பிணைந்து திரும்பும். அதனாலேயே அரக்கு உடலும் பச்சைக் கரையும் தத்தம் நிறத்தில் நிற்கின்றன. ஒரே நாடா குறுக்கே ஓடினால் உடலின் நிறம் கரையிலும் கலந்துவிடும். கூடுதல் நாடாவைக் கையாள நெசவாளர் அருகே மற்றொருவர் அமர்வது மரபு. ஆகவே அச்சொல்லுள் இருவர் உழைப்பு அடங்கியுள்ளது.

இதனைக் 'கோவை' எனத் திருத்தினால், திருக்கோவையார் போன்ற நானூறு பாடல் கொண்ட சிற்றிலக்கியமும் கோயம்புத்தூரும் நினைவுக்கு வருமேயன்றித் தறி வாராது. மிருதங்கக் கலைஞரும் தனி ஆவர்த்தனத்தை நிறைவு செய்யும் தாள அமைப்பைக் கோர்வை என்றே வழங்குகின்றனர்.

தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே அடிப்படையாகக் கொள்கிறது. நன்னூல் தகுதி வழக்கினுள் குழூஉக்குறிக்கு இடம் தருகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. பொற்கொல்லர்க்குத் தந்த இடத்தை நெசவாளர்க்கு மறுப்பது முறையன்று.

அஞ்சத்தக்க பிழை வேறொன்றுண்டு. கரை வேறு நிறமாயிருந்தாலே கோர்வை என்று விற்பனை நாவில் சொல் தளர்வது அது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயருக்குச் சட்டம் துணை நிற்கிறது. தொழிற்சொல்லுக்கு அதனை ஆள்வோரே துணை. ரகரம் மிகுந்ததால் பொருள் குறைவதில்லை. பொருள் தளர்ந்தாலோ, இரண்டாம் ஆளின் கூலியைக் கேட்பதற்குரிய சொல்லே இல்லாமற்போகும்.

கவிஞர்களே! கோர்வையான கவிதை என்று இனிப் பாராட்டுகையில், ஒன்றன் நிறம் மற்றொன்றில் ஏறாது இரண்டு இழைகள் பிணையும் அந்த எல்லையை நெஞ்சிற் கொள்க. சொல்லைத் திருத்துமுன் அது பிறந்த தறியை ஒருமுறை காண்க.