டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தால் தீர்ந்ததா?



எனக்கு முன் பேசிய நண்பர், "பிரம்பைப் பிடுங்கினார்கள், பிள்ளைகள் கெட்டார்கள்" என்றார். அரங்கமே கைதட்டியது. நான் மறுத்துப் பேச வந்தவன். கைதட்டல் குறைந்தால் எனக்கு வருத்தமில்லை.

பிரம்பு இருந்த காலத்தில் பள்ளியில் சாதிச் சண்டை நடக்கவே இல்லையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்தது. பிரம்பு போன இடத்துக்கு எது வந்தது? முட்டி போடு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. கடைசியில் டி.சி.! அதை வாங்கிக்கொண்டு போகிறவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேருகிறான், பகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. அடி வாங்கியவன் இங்கேயே இருக்கிறான். அவனை ஒரு வார்த்தை கேட்டோமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்த அரிவாள் ஒரே இரவில் முளைத்ததா? அதற்கு முன்பே சாதியைச் சொல்லிக் கேலியும் மிரட்டலும் இருந்தன. அவன் பள்ளிக்கு வரவே தயங்கினான். வெட்டியவர்களோடு அவனை உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். அரிவாள் எடுத்த பிறகு அது சட்டத்தின் வேலை. எடுப்பதற்கு முந்தைய மாதங்கள் யாருடைய வேலை?

அந்த மாதங்களுக்கு ஒரு வழி உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்கள், "எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பிரிக்காதீர்கள்" என்று குரல் கொடுத்தார்கள். 1989-இல் சட்டம் வந்தது: தவறு செய்த பிள்ளை, அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச அது வழி செய்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பள்ளி, ஓர் அடிதடிப் பிரச்சினையில் இதே வழியை எடுத்தது. இந்த முறையில், மேசை இல்லாமல் வட்டமாக உட்காருகிறார்கள். கேட்பது இவைதான்: என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? சரிசெய்ய நீ என்ன செய்வாய்? ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. ஒப்புக்கொண்டதை எழுதி வைத்து, நடந்ததா என்று பின்னர் பார்க்கிறார்கள். முட்டி போடுவது சுலபம், தோழர்களே! அடிபட்டவன் முகத்தைப் பார்த்து "நான்தான் செய்தேன்" என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

"இது கட்டப்பஞ்சாயத்துதானே?" என்கிறார் கடைசி வரிசையில் ஒருவர். நல்ல கேள்வி, ஐயா. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் சமாதானம் என்றால், எளியவனைப் பார்த்து "நீ கொஞ்சம் விட்டுக்கொடுப்பா" என்பதுதான். அதனால்தான் முதலில் இரு தரப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளை "வரமாட்டேன்" என்றால் வட்டமே கிடையாது. நடத்துகிறவர் எந்தச் சாதிக்கும் தலையாட்டாதவராக இருக்க வேண்டும். இதற்கு வழியில்லாத பள்ளி இதைத் தொடவே கூடாது.

மந்திரக்கோல் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளை ஆராய்ந்தார்கள். இந்த முறையைக் கொண்டுவந்த பள்ளிகளில் இடைநீக்கம் குறைந்தது, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் நடுநிலை வகுப்புகளில் படிப்பு சறுக்கியது. இதை ஏன் மறைக்க வேண்டும்? நேரமும் ஆளும் கொடுக்காமல் ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றினால், இங்கேயும் சறுக்கத்தான் செய்யும்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. தொலைக்காட்சியில், சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றைப் பற்றித்தான் காரசாரமாக விவாதித்தோம். கயிற்றை அறுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அந்தக் கையோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்?

மாலையில் நிறைவேறப்போகும் தீர்மானத்தில் மூன்று வரி சேருங்கள். வாரம் ஒரு பாடவேளை வகுப்பு வட்டத்துக்கு. நடத்தப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், அரசுச் சம்பளத்தில். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பேச்சைக் கேட்டு எழுதாமல் எந்தத் தலைமையாசிரியரும் டி.சி.யில் கையெழுத்துப் போடக் கூடாது. எதிர்ப்பவர்கள் இப்போதே மேடைக்கு வந்து பேசுங்கள், நான் இறங்கி இடம் தருகிறேன்.