ஆலைக் குளமும் சவர்க்காரக் கட்டியும்

செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளம் நாறும் நாள்களில் நாங்கள் பள்ளிச் சன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் பாடம் நடத்துகிறோம். ஆனால், பெருங்கேடு அந்த நாற்றத்தில் இல்லை. குளத்தின் அடியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது, மணமற்ற மீத்தேன் வாயு எழுகிறது. 100 ஆண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

இது ஆலைக்காரர் பாடு மட்டும்தானா? அன்று. அந்த எண்ணெயை வாங்கிச் சவர்க்காரம் செய்யும் நிறுவனம், தன் தொழிற்சாலை விளக்குகளையெல்லாம் அணைத்தாலும் இக்குளத்து வாயு குறையாது. ஆகவே, வாங்குபவரும் விற்பவரும் கைகோத்தாக வேண்டும்.

வழி உண்டு. குளத்தை உறையிட்டு மூடி, வாயுவைக் குழாய்வழி எடுத்து எரித்தால் மின்சாரம் கிடைக்கும். மலேசியாவில் 2014 முதல் புதிய ஆலைகளும், விரிவாக்கம் கோரும் ஆலைகளும் மீத்தேனைத் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி.

பழைய சிற்றாலைகளுக்கோ இச்செலவு பெரும் சுமை. 'கணக்குக் காட்டு' என்று வாங்குபவர் தாளை நீட்டினால் மட்டும் போதாது. நீண்டகால ஒப்பந்தமும் தொழில்நுட்ப உதவியும் தரவேண்டும். ஆலையும் உண்மைக் கணக்கைத் தரவேண்டும். இல்லையேல், அச்சுமை குலை விற்கும் சிறு தோட்டக்காரர் தலையிலும், நம் தொழிலாளர் தலையிலும்தான் இறங்கும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். உங்கள் ஆலைக் குளத்துக்கு உறை உண்டா? பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.