ஐந்தாவது குருவி

(வானொலித் தவக்காலச் சிந்தனை)



சந்தையில் குருவி என்ன விலைக்கு விற்றது என்பதை நற்செய்தி இரண்டு இடங்களில் சொல்கிறது. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, வியாபாரி கொசுறாகப் போட்டது. விலையே இல்லாத அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொல்கிறார்.

நாங்கள் அதை மறந்தோம். எப்படி என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் தாமலிலும் காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களிலும் முன்பு ஓட்டு வீடுகள்தான். ஓட்டுக்கும் வாரைக்கும் இடையே இருந்த சந்துகளில் குருவி கூடு கட்டும். தறிக்கு மேலேயே கூடு இருந்தால், பட்டுப் பாவில் எச்சம் படாமலிருக்க ஒரு பழைய துணியைக் குறுக்கே கட்டிவிட்டுப் பெரியவர்கள் நெய்வார்கள். கூட்டைக் கலைக்க மாட்டார்கள். இன்று மாடி வீடுகள் வந்துவிட்டன. சுவரில் சந்து இல்லை, ஜன்னலில் கொசுவலை. உள்ளே நுழைந்தாலும் மின்விசிறியில் அடிபடுகிறது. நாம் யாரும் குருவியை விரட்டவில்லை. ஆனால் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

உலகச் சிட்டுக்குருவி நாள் 2010 முதல் மார்ச் 20 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில், எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளோடு சேர்ந்து கோவில் வளாகத்தில் பன்னிரண்டு மரப்பெட்டிகளை மாட்டினோம். படம் எடுத்தோம், கைதட்டினோம், கலைந்து போனோம். மேற்குச் சுவரில் நான்கு பெட்டிகள். அங்கே பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மே மாதம் சுவருக்கு வெள்ளையடிக்க ஏணி வைத்தபோதுதான் ஒரு பெட்டியைத் திறந்தோம். உள்ளே மூன்று குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. தாய்க்குருவி எங்களை நம்பித்தான் அங்கே முட்டையிட்டிருந்தது.

கூடில்லாத பறவைக்கு மனிதர் பெட்டி செய்து கொடுப்பது புதிய வேலை அல்ல. வட அமெரிக்காவில் மரப்பொந்துகளில் முட்டையிடும் 'வுட் டக்' என்ற அழகிய வாத்து இருக்கிறது. வேட்டையாலும் பழைய மரங்கள் வெட்டப்பட்டதாலும் அந்த இனம் மிகவும் குறைந்துபோயிற்று. 1918இல் வந்த சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1930களிலிருந்து நீர்நிலைகளின் ஓரம் மரப்பெட்டிகள் வைக்கத் தொடங்கினார்கள். காலப்போக்கில் விவசாயிகளும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கூலியில்லாமல் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள். இன்று அந்த வாத்து மீண்டும் பெருகியிருக்கிறது.

அந்தத் தொண்டர்கள் அனுபவத்தில் கற்ற பாடம் ஒன்று உண்டு. பெட்டியை மாட்டுவது ஒரு நாள் வேலை. ஆண்டுதோறும் பழைய கூட்டை அகற்றி, புதிதாக மரச்சீவல் இட்டு, பாம்பும் பிற விலங்குகளும் கம்பத்தில் ஏறாதபடி தகரம் பொருத்திப் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. கவனிக்க ஆளில்லாத பெட்டி கூடு அல்ல, பொறி. எங்கள் மேற்குச் சுவர்ப் பெட்டி அப்படித்தான் ஆயிற்று.

தொலைதூரம் போகாமல் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு, ஊரடங்கு காலம். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று முதலில் சிலர் தயங்கினார்கள். பிறகு ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. குஞ்சுகள் பறக்கும்வரை ஏறத்தாழ 35 நாள் அந்தத் தெருக்களில் விளக்கு எரியவில்லை.

முப்பத்தைந்து நாள்! நம் தவக்காலத்தைவிடச் சில நாள்களே குறைவு. அந்த மக்கள் புதிதாக எந்தப் பெட்டியும் வாங்கவில்லை. தங்களுக்கு வேண்டிய ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள், அதுவும் ஒவ்வோர் இரவும். நாங்களோ பெட்டியைக் கொடுத்தோம், எங்கள் நேரத்தைக் கொடுக்கவில்லை.

குருவியிடம் மட்டுமா இப்படி நடக்கிறோம்? முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேலை கொடுத்துவிட்டு வருகிறோம், மறுமாதம் எட்டிப் பார்ப்பதில்லை. ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நிற்கிறோம், அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரியாது. கொடுத்த நாள் நினைவிருக்கிறது, கொடுக்கப்பட்டவர் நினைவில் இல்லை. கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னதை இந்த இடத்தில்தான் நாம் கேட்க வேண்டும். அவருடைய அன்பு ஒருநாள் விழா அல்ல, நாள்தோறும் நினைவில் வைத்திருப்பது.

இந்த ஆண்டு எங்கள் பங்கில் பன்னிரண்டு பெட்டிகள் இல்லை. ஐந்துதான். நிழல் விழும் வடக்குத் தாழ்வாரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறோம். மைனா நுழையாதபடி துளை ஒன்றேகால் அங்குலம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. மண்சட்டியில் தண்ணீர் மாற்றுவது, குஞ்சுகள் பறந்த பிறகு பெட்டியைத் துடைத்து வைப்பது அவர்கள் வேலை. பீடத்தின் அருகே குருவி வீடு கண்டதாக 84ஆம் திருப்பாடல் சொல்கிறது. எங்கள் கோவிலிலும் அது வீடு காணட்டும்.

நீங்களும் இந்தத் தவக்காலத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். முன்பு தொடங்கி மறந்துபோன ஒன்றை மட்டும் ஏணி வைத்துத் திறந்து பாருங்கள்.

இறைவா, விலையில்லாத ஐந்தாவது குருவியையும் மறவாதவரே, எங்களை நம்பி வந்தவர்களை நாங்கள் மறந்த நாள்களுக்காக மன்னியும். நாள்தோறும் நினைவுகூரும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.