எரிவாயு கசிந்தால் யாருக்கு முதலில் தெரியும்?



உங்க தெருவிலும் எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலை நடந்திருக்கலாம். சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம், நல்ல வசதிதான். ஆனா, "மண்ணுக்கு அடியில கசிஞ்சா யாருக்குத் தெரியும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில், குழாயிலிருந்து கசிந்த எரிவாயு தீப்பற்றி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

பெரிய குழாய்களில் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் உண்டு. குழாய் உடைந்தால் அந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று குறையும். அந்தக் குறைவு ஓர் அலையாக இரண்டு பக்கமும் ஓடும். வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர். இரண்டு சென்சார்களுக்கு இடையே 10 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒன்றுக்கு 10 நொடியிலும் மற்றொன்றுக்கு 15 நொடியிலும் அலை வந்து சேர்கிறது. உடைப்பு எப்போது நடந்தது என்று கணினிக்குத் தெரியாது. ஆனாலும் அந்த 5 நொடி வித்தியாசத்தை வைத்தே, முதல் சென்சாரிலிருந்து 4 கி.மீ. தொலைவில்தான் உடைப்பு என்று சொல்லிவிடும். உடனே வால்வை மூடி, ஆட்களை நேராக அங்கேயே அனுப்பலாம்.

மெதுவாகக் கசியும் சின்ன ஓட்டை இதில் சிக்காமல் போகலாம். அதற்காகத்தான் மீத்தேனைக் கண்டறியும் லேசர் கருவியோடு குழாய் போகும் வழியெல்லாம் சோதிக்கிறார்கள்.

சரி, உங்க சமையலறையில்? அங்கே முதல் சென்சார் உங்க மூக்குதான். இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்தக் கெட்ட வாடையைக் கலக்கிறார்கள்.

கசிவு அலாரம் வாங்குகிறீர்களா? இதைக் கவனிங்க. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாய் வாயு லேசானது, மேலே ஏறும். அலாரம் கூரைக்கு அருகில் இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறியவர்கள் பழைய அலாரத்தை அப்படியே விட்டால் பயன் இல்லை. அது குழாய் வாயுவுக்கு ஏற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க.

வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பையும் வால்வையும் மூடுங்க. ஜன்னல், கதவைத் திறங்க. எல்லோரும் வெளியே வாங்க. போனை வெளியே வந்த பிறகுதான் எடுக்கணும்.

சிலிண்டர் கசிவுக்கு 1906. குழாய் இணைப்பு என்றால் உங்க பில்லில் உள்ள அவசர எண். இரண்டில் உங்களுக்கு உரியதை இப்பவே போனில் பதிஞ்சுக்கோங்க. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் போனிலும் பதிஞ்சு கொடுங்க.