தென்காசிச் சீமையின் நாள்காட்டி

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையம், சங்கரன்கோவில் என்று நீளும் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு நாள்காட்டி எழுதினால், அதில் துப்பாக்கி வெடித்த நாளும் வரும், பாட்டுக்காரர் பிறந்த நாளும் வரும், எல்லைக்கோடு இடம் மாறிய நாளும் வரும். எழுத உட்கார்ந்ததுமே எழும் முதல் கேள்வி, எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான்.

இங்கே நாள் கணக்கு ஒன்றல்ல. அலுவலகத்துக்கு ஆங்கிலத் தேதி. கோயிலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் தமிழ் மாதம், நட்சத்திரம், திதி. பழைய கல்வெட்டையும் ஓலையையும் எடுத்தால் கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் அந்தக் கணக்கு சேர நாட்டோடு நிற்காமல், மலை தாண்டித் திருநெல்வேலிச் சீமை முழுவதும் புழங்கியது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். இவை போக, ஐந்தருவிப் பக்கம் கடை போட்டுப் பிழைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர்களுக்கு ஆண்டு பிறப்பது ஜனவரியிலும் இல்லை, சித்திரையிலும் இல்லை. தென்மேற்குக் காற்று மலையில் மோதி, ஐந்து கிளையாகத் தண்ணீர் கொட்டி, சாரல் ரோட்டை நனைக்கும் ஜூன் மாதத்தில்தான்.

கணக்கு மாறினால் தேதியும் மாறும். இதற்கு நல்ல சாட்சி முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்தவர் அவர், கடைசிக் காலத்தைக் கழித்தது இந்தப் பக்கத்து எட்டயபுரத்தில். அவர் பிறந்தது மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம் என்பது பரம்பரைக் குறிப்பு. பெரும்பாலான புத்தகங்கள் இதை 1775 மார்ச் 24 என்று அச்சிடுகின்றன. மன்மத ஆண்டு 1775 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதன் கடைசி மாதமான பங்குனி, 1776 மார்ச்சில் வருகிறது. நிலவின் கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் மார்ச் 24 அன்று கிருத்திகை அமைவது 1776-இல்தான், 1775-இல் அல்ல. தமிழ் ஆண்டின் பெயரைக் கண்டதும், அது தொடங்கும் ஆங்கில ஆண்டைத் தூக்கிப் பங்குனிக்கும் போட்டுவிடுவதால் வரும் ஓர் ஆண்டுப் பிழை இது. பழைய கலைஞர் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது.

தீட்சிதர் மறைந்தது 1835 அக்டோபர் 21, தீபாவளி நரக சதுர்த்தசியன்று. அதுவும் மன்மத ஆண்டே. அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து, பிறந்த அதே பெயருள்ள ஆண்டில் அவர் கண்மூடினார். ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பொருத்தம் கண்ணில் படாது. மறைந்த நாளைத் திதியில் கணக்கிடுவதால்தான் எட்டயபுரத்தில் அவர் நினைவு அக்டோபர் 21-இல் நில்லாமல் தீபாவளியோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. தியாகராஜருக்கும் இதே கதைதான். அவர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்று ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமித் திதியில், ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில்.

ஆங்கிலத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு சில பொருத்தங்கள் கிடைக்கின்றன. தியாகராஜர் மறைந்த ஜனவரி 6-இல்தான் 1967-இல் ஏ. ஆர். ரகுமான் பிறந்தார். தீட்சிதரின் மார்ச் 24, டி. எம். சௌந்தரராஜனுக்கும் பிறந்த நாள், ஆண்டு 1922. ஜூன் 24 கண்ணதாசனுக்கும் எம். எஸ். விசுவநாதனுக்கும் பொது. கவிஞர் பிறந்தது 1927, மெல்லிசை மன்னர் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இளையராஜாவுக்கு ஜூன் 3 பிறந்த நாள். மு. கருணாநிதி பிறந்த நாளும் அதுவே என்பதால் தன் நாளை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். இவையெல்லாம் தற்செயல்கள். வாழ்த்துச் சொல்ல உதவும், அதற்குமேல் பொருள் தேட வேண்டியதில்லை. தென்காசிச் சீமையின் நாள்கள் அப்படியல்ல, ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும்.

பிப்ரவரி 16 ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் மறைந்த நாள், 1954. கம்பனை வரி வரியாகச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தவர் குற்றாலத்தில் குடியிருந்து அங்கேயே காலமானார். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்தில் அவர் குரலும் ஒன்று.

ஜூன் 17 கனத்த நாள். 1911-இல் அது சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சி ரயில் சந்திப்பில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு ஓடிப்போய்க் கழிவறைக்குள் நுழைந்து, அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25. திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். அவரிடம் கிடைத்த கடிதத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் இருந்தது. அடுத்த ஐந்தாம் நாள், ஜூன் 22 அன்று, லண்டனில் அந்த மன்னருக்கு முடிசூட்டு விழா. ஜூன் 17-ஐ அந்த ஜூன் 22-ஓடு சேர்த்துப் பார்த்தால்தான் நாளின் பொருள் விளங்கும். வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். ரயில் நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி.

அப்போது செங்கோட்டை வெள்ளையர் நேரடி ஆட்சியில் இல்லை, திருவிதாங்கூர் மன்னரின் நாட்டில் இருந்தது. அதே செங்கோட்டையில் அன்றைக்கு ஐந்து வயது நிரம்பாத ஒரு சிறுவன் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல ஆகஸ்ட் வர வேண்டும்.

இடையில் ஆடி. ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அருவியில் குளிக்கக் கூட்டம் வரும். இந்த நாளுக்கும் ஒரு பாட்டுக்காரரோடு தொடர்பு உண்டு. செங்கோட்டை ஆவுடையக்காள் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர், அத்வைதத்தை அம்மானையாகவும் கும்மியாகவும் கண்ணியாகவும் பாடியவர். ஓர் ஆடி அமாவாசையில் குற்றாலத்தில் நீராடிவிட்டு மலையேறியவர் திரும்பவே இல்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருக்குப் பிறந்த தேதி இல்லை, ஆண்டும் உறுதியில்லை. பாட்டு மட்டும் தப்பியது. வீட்டுப் பெண்கள் வாய்ப்பாடமாக வைத்திருந்து மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்ததால் தப்பியது. 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது. குற்றாலக் குறவஞ்சி எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கும், காவடிச்சிந்தைக் கழுகுமலை முருகனுக்குச் சூட்டிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாருக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. நூற்றாண்டு தெரியும், ஆனால் ஊரே கூடிக் கொண்டாட இன்ன நாள் என்று ஒன்று ஊன்றவில்லை. பாட்டு மட்டும் ஆண்டு முழுவதும் ஒலிக்கிறது.

ஆகஸ்ட் 25, 1906. செங்கோட்டையில் கங்காதர ஐயருக்குப் பிறந்த பிள்ளைக்கு ராமகிருஷ்ணன் என்று பெயர் வைத்தார்கள். ஊர் அறிந்த பெயர் கிட்டப்பா. எஸ். ஜி. கிட்டப்பாவின் முதல் எழுத்தே செங்கோட்டை. அண்ணன்மாரோடு சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர், ஒலிபெருக்கி வராத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத்தில் நின்று பாடினார். இசைத்தட்டில் இன்றும் அது கேட்கிறது. மேல் ஸ்தாயியில் போய் நின்ற குரல் நடுங்காது, அங்கேயே பிர்கா உதிரும். கச்சேரி மேடைக்குரியது என்று ஒதுக்கி வைத்திருந்த தியாகராஜர் கீர்த்தனையை நாடக மேடைக்குக் கொண்டுவந்து, தரை டிக்கெட்காரரையும் கேட்க வைத்தவர் அவர். தேவாமிருதவர்ஷிணி ராகத்து ‘எவரனி’யைப் பழைய ரசிகர்கள் இன்றும் கிட்டப்பா பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் அவரும் ஒரே மேடையில் பாடினார்கள். 1927-இல் திருமணம். ஜோடி சேர்ந்து நடித்த காலம் கொஞ்சந்தான். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார், வயது 27. சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. அன்றுமுதல் வெள்ளைப் புடவைதான், எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக நடித்தார். அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. 1951-இல் சென்னைச் சட்ட மேலவையிலும் இடம்பெற்றார். கிட்டப்பாவின் நாளைச் சொல்லும்போது சுந்தராம்பாளின் வாழ்வையும் சேர்த்துச் சொல்லுவதே நியாயம். கிட்டப்பாவின் பெயரைத் தமிழ்நாடு மறக்காமல் இருப்பதில் அந்த அம்மையாரின் பங்கு பெரியது.

கிட்டப்பாவுக்கு இரண்டு நாள் தள்ளி ஆகஸ்ட் 27. 1898-இல் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்த நாள். தஞ்சைச் சீமைக்காரர் என்றாலும் அவருடைய நாதசுரம் நெல்லைச் சீமையில் தழைத்தது சீடர் காருகுறிச்சி அருணாசலத்தால். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் நேருவிடம் தரப்பட்டபோது வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. 1921-இல் பிறந்த அருணாசலம் 1964 ஏப்ரலில் மறைந்தார். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாதசுரமும் போட்டி போடும் பாட்டு, நாதசுரம் என்றாலே கோயில் வாசலும் கல்யாண வீடுந்தான் என்றிருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

செப்டம்பர் 1 நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவன் நாள். அடுத்து வருவது பாரதி. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வந்து, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1920 வரை இருந்தவர். அவர் மறைந்த நாளை ஒரு சாரார் செப்டம்பர் 11 என்கிறார்கள், இன்னொரு சாரார் 12 என்கிறார்கள். இரண்டுமே பொய்யில்லை. 1921-இல் திருவல்லிக்கேணியில் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு தேதி புரளும், அதனால் 12. நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள், அதனால் 11. தமிழ்நாடு அரசு நூற்றாண்டு நினைவாக 2021-இல் மகாகவி நாளாக அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான். பிறந்த நாளில் குழப்பமில்லை, 1882 டிசம்பர் 11. அவர் பாட்டைப் பாடிப் பரப்பிய எம். எஸ். சுப்புலட்சுமி கண்மூடியதும் ஒரு டிசம்பர் 11-இல், 2004-இல்.

நவம்பரில் பாட்டு இல்லை, வரைபடம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதியோடு செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வாஞ்சியும் கிட்டப்பாவும் பிறந்த ஊர் அன்றைக்குத்தான் சட்டப்படி தமிழகம் ஆயிற்று. அவர்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. அன்றுமுதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் சான்றிதழில் மாவட்டம் என்ற இடத்தில் தென்காசி என்று இருக்கும்.

அந்தச் சான்றிதழ் இல்லாத தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்வார், வயது சரியாக வர வேண்டும் என்பதற்காக. பெரியவர்கள் பலருக்கும் மே, ஜூன் மாதங்களில் பிறந்த நாள் இருப்பது அதனால்தான். நாதசுரம், தவில் வாசிப்பவர், வில்லுப்பாட்டுக்காரர், கணியான் கூத்து ஆடுபவர், நையாண்டி மேளக்காரர் ஆகியோரில் வயதானவர்களின் பதிவேட்டுத் தேதியை அப்படியே நம்ப முடியாது. வீட்டு ஜாதகக் குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருந்தால் சரியான ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். கிழமையும் நட்சத்திரமும் ஒத்துவந்தால் கணக்கு சரி. குறிப்பு இல்லாத வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எந்தக் கோயில் கொடையில் முதன்முதலாக வாசித்தார், எந்த ஆண்டு வெள்ளத்துக்கு முன்னா பின்னா, அண்ணனுக்கு எத்தனை வயது இளையவர்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கலைஞர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள். பிறந்த நாள், குருவின் பெயர், முதல் மேடை, இந்த மூன்றும் போதும்.