மராமத்து வேலைகளில் உள்ளூராருக்கு முதலிடம்
(கிராமக் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



ஓர் ஊருக்குச் சாலையோ, பாலமோ, பள்ளிக்கூடக் கட்டிடமோ சர்க்கார் செலவில் வருகின்றதென்றால் ஊரார் மகிழ்ச்சியடைகின்றனர். சின்னாட்களில் லாரியில் வேற்றூர் ஆட்கள் வந்து இறங்குகின்றனர். வேலை முடிந்ததும் வந்தவர்கள் போய்விடுகின்றனர். உள்ளூரில் வேலையின்றி இருப்போர் மரத்தடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். வரிப்பணத்தில் நடைபெறும் வேலையை வரி கொடுப்பவருக்கே கொடுத்தாலென்ன என்ற கேள்வி அப்பொழுது எழுகின்றது. கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை அத்துணை எளிதன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாலைக்கு வெளியூர் கண்டிராக்டர் 9,50,000 ரூபாயும், உள்ளூர்க்காரர் 10,00,000 ரூபாயும் கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரருக்கே கொடுத்தால் பொதுப் பணத்தில் 50,000 ரூபாய் அதிகம் செலவாகின்றது. அத்தொகை கூலியாக ஊர் வீடுகளில் சேருமாயின், அதை வீண் என்று தள்ளுதல் முறையன்று. அவரோ அதைத் தம் லாபமாக வைத்துக்கொண்டு ஆட்களையும் வெளியிலிருந்தே தருவிப்பாராயின், ஊருக்குக் கிடைத்தது அவருடைய வீட்டு விலாசம் மாத்திரமே. மேலும், சலுகை உண்டென்று முன்னரே அறிந்தவர் தம் தொகையைக் குறைத்துக் கேட்கமாட்டார். அயலார் போட்டிக்கு வாராவிடின் நான்கு பேர் கூடிப் பேசித் தொகையை நிர்ணயித்துக்கொள்வதும் எளிது. இதற்குச் சான்று வேண்டுவோர் ஏரி மீன் குத்தகை ஏலத்தை ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆகவே உள்ளூர் என்ற சொல்லைவிட, வேலையை எடுப்பவரும் வேலையைச் செய்பவரும் ஒருவரேயா என்பதே பெரிய விஷயம். இத்தாலி தேசத்துக் கூலிகள் இதை வெகுகாலத்திற்கு முன்பே உணர்ந்தனர்.

அத்தேசத்தின் வடபாகத்தில் ராவென்னா என்பது சதுப்பு நிலம் நிறைந்த பிரதேசம். அங்கு நிலமற்ற கூலிகள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கரை போடுவதையும் கால்வாய் வெட்டுவதையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். வேலையைச் சர்க்காரிடம் பெரிய கண்டிராக்டர் எடுப்பார். அவரிடமிருந்து சிறு குத்தகைக்காரர் பெறுவார். எல்லார்க்கும் லாபம் போன பின்னர் மிஞ்சியது மண் சுமந்தவனுக்கு. 1883-ஆம் ஆண்டில் நுல்லோ பால்தீனி முதலியோரின் முயற்சியால் அக்கூலிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்தனர். மறு ஆண்டில் சுமார் 500 பேர் ரோமாபுரிக்கு அண்மையிலுள்ள ஒஸ்தியாவின் சதுப்பை வடித்து விளைநிலமாக்கச் சென்றனர். மலேரியாக் காய்ச்சலால் பலர் மாண்டனர். எனினும் வேலை நின்றுவிடவில்லை. ஒஸ்தியாவுக்கு அவர்கள் அயலூராரே என்பது கவனிக்கத்தக்கது.

1889-ஆம் ஆண்டில் அத்தேசத்தார் ஒரு சட்டம் இயற்றினர். கைவேலையே பெரும்பகுதியாக உள்ள வேலைகளை 1,00,000 லிரா வரையில் தொழிலாளர் சங்கங்களுக்குப் பொது ஏலமின்றியே கொடுக்கலாமென்று அது அனுமதித்தது. ஜாமீன் தொகையை முன்னதாகக் கட்டவேண்டுமென்ற நிபந்தனையும் தளர்ந்தது. ஒவ்வொரு தவணைப் பணத்திலும் ஒரு பகுதியைச் சர்க்கார் நிறுத்திவைத்து அதையே ஜாமீனாகக் கொண்டது. கூலியாளிடம் திறமையும் உழைப்பும் உண்டு, கட்டுவதற்கு ரொக்கந்தான் இல்லை. சட்டம் நீக்கியது அந்தத் தடையையே.

இன்னும் அண்மையிலுள்ள உதாரணம் ஒன்று உண்டு. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலையாள ஜில்லாவில் வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற இடத்தில், வாக்படானந்தர் என்னும் சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய கூலிகளுக்கு நிலச்சுவான்தார்கள் வேலை கொடுக்க மறுத்தனர். 1925-ஆம் ஆண்டில் 14 பேர் ஆறணா மூலதனத்துடன் ஒரு கூலி வேலைச் சங்கம் ஏற்படுத்தினர். ஆறணாவை வைத்துக்கொண்டு சாலை போடப் புறப்பட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவர் இல்லாமலிரார். அச்சங்கம் நூறாண்டைக் கடந்து நிற்கின்றது. காசர்கோடு ஜில்லாவில் தலப்பாடி முதல் செங்களை வரையுள்ள ஆறு வழித் தேசிய நெடுஞ்சாலைப் பகுதியை அது போட்டி டெண்டரிலேயே எடுத்தது.

கேரள அரசாங்கம் இத்தகைய சங்கங்களுக்கு டெண்டர் தொகையில் நூற்றுக்குப் பத்து வரையில் சலுகை அளித்ததுண்டு. அச்சலுகை ஊராளுங்கலாருக்கு உதவியதென்பதில் ஐயமில்லை. ஆனால் அதே சலுகையைப் பெறக்கூடிய வேறு பல சங்கங்கள் பெயரளவிலேயே இருந்து மறைந்தன. அங்கத்தினர் பட்டியலில் இருந்தவர்கள் ஒரு கண்டிராக்டரின் உறவினர்களும் வேலையாட்களும். கையெழுத்து அவர்களுடையது, லாபம் அவருடையது. ஊராளுங்கலில் நிர்வாகக் கமிட்டியார் தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பகலில் வேலையிடங்களை மேற்பார்த்து, மாலையில் கூடி மறுநாள் வேலையைப் பேசுவது அவர்கள் வழக்கம். இந்நாளில் அங்கே வட மாநிலங்களிலிருந்து வந்தோரும் வேலை செய்கின்றனர். அயலூர்க் கூலியைத் துரத்துவதால் உள்ளூர்க் கூலி உயராதென்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். இருவருக்கும் ஒரே கூலியாயின், குறைந்த கூலிக்கு ஆள் தருவிக்கும் கண்டிராக்டருக்கு அனுகூலம் ஏது?

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேறு வழியில் சென்றது. அது கண்டிராக்டரையே விலக்கி, 5 கிலோமீட்டருக்குள் வேலை தரவேண்டுமென்றும், அதற்கப்பால் அனுப்பினால் கூலி நூற்றுக்குப் பத்து அதிகமென்றும் விதித்தது. குளம் தூர்வாருவதற்கு அது பொருத்தமான ஏற்பாடு. பாலம் கட்டுவதற்கு அன்று.

இனி, சங்கங்கள் சர்க்காரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். ஜாமீனைத் தவணையில் பிடித்துக்கொள்ளும்படி கேட்கலாம். அளவெடுத்த சில நாட்களில் பணம் பட்டுவாடா ஆகவேண்டுமென்றும் கேட்கலாம். அளவிலும் சரக்கின் தரத்திலும் தயவு கேட்பது கூடாது. ஜல்லி குறைந்த சாலையில் மழைக்காலத்தில் அச்சு முறிவது உள்ளூர் வண்டிக்கே.

இவற்றுள் பணப் பட்டுவாடாவே உயிர்நிலை. அன்றாடம் உழைத்து உண்பவன் மூன்று மாதம் பில்லுக்குக் காத்திருக்க இயலாது. அந்த இடைவெளியில்தான் மேஸ்திரியின் முன்பணம் நுழைகின்றது. முன்பணம் வாங்கியவன் அடுத்த வேலைக்கும் அவனுக்கே கட்டுப்பட்டவன். சிறிது சிறிதாகச் சங்கத்தில் இருப்பது சங்கத்தின் பலகை மாத்திரம் என்றாகின்றது. ஆதலின் வேலை எடுக்கும் முன்னர், ஊரிலுள்ள நாணயச் சங்கம் அளவெடுத்த வேலையின்மீது வாரந்தோறும் கூலிக்குக் கடன் தர இசைகின்றதா என்று கேட்டு, அதை மகஜராக எழுதிக்கொள்ள வேண்டும். அளவுப் புத்தகத்தின் நகலொன்று சங்க ஆபீசில், எந்த அங்கத்தினரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு வாரம் ஒரு நாள் மாலையில் அதை வாசித்துக் காட்ட ஒருவரை நியமிப்பது காரியதரிசியின் பொறுப்பு.