வெள்ளத்தின் பாதையில் ஒரு சாலை: குட்டநாட்டு ஏ.சி. ரோடு

கேரளத்தின் குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கு 0.6 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்து கிடப்பவை. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் என்னும் நான்கு ஆறுகள் மலையிலிருந்து இறங்கி, இந்தத் தாழ்நிலத்தில் கால்களாகப் பிரிந்து வேம்பநாட்டுக் காயலைச் சேர்கின்றன. இந்த நிலத்தைக் கிழக்கு மேற்காகக் கடந்து போகிறது ஆலப்புழை–சங்கனாசேரிச் சாலை. ஊரார் அதை ஏ.சி. ரோடு என்பார்கள். நீளம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். பருவமழை வலுத்தால் அது மூழ்கும். 2018 ஆகஸ்டின் முதல் 19 நாட்களில் மட்டும் கேரளத்தில் வழக்கமான 287.6 மில்லிமீட்டருக்குப் பதில் 758.6 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மலையில் மழை ஓய்ந்த பிறகும் சாலையைவிட்டு நீர் இறங்கவில்லை. உடைந்த கரைகளை அடைத்துப் பெரிய பம்புகளால் இறைத்துத்தான் போக்குவரத்தை மீட்க வேண்டியிருந்தது.

அந்த நீர் வழிதவறி வந்ததல்ல. காயல் வடக்கே இருக்கிறது, சாலை கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெள்ளம் காயலை அடைய அதைக் கடந்தே தீர வேண்டும். சாலை போட மண் வேண்டும். அதற்காகப் பக்கத்திலேயே தோண்டியதில் ஏ.சி. கால்வாய் உண்டானது. அந்தக் கால்வாய் மேற்கே பள்ளாத்துருத்தி வரை முழுமையாக வெட்டப்பட்டிருந்தால் வெள்ளத்துக்கு ஒரு வடிகாலாக நின்றிருக்கும். ஒன்னாங்கரையோடு அது நின்றுபோனது. சாலை முடிந்தது, வாய்க்கால் முடியவில்லை. குட்டநாட்டின் பல துயரங்களுக்கு இந்த ஒரு வரியில் விளக்கம் இருக்கிறது.

மற்ற வெளியேற்றங்களும் குறுகிவிட்டவை. தெற்கே தோட்டப்பள்ளியில் 1955-இல் அமைத்த ஸ்பில்வே, விநாடிக்கு 1,800 கன மீட்டருக்கு மேல் நீரைக் கடலுக்குத் தள்ளும் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாய் போதிய அகலமும் ஆழமும் இல்லாமல் போனதால், நடைமுறையில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வெளியேறுகிறது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் பெயரில் முதலில் நிற்கும் 'மங்கொம்பு' இந்தச் சாலையோரத்து ஊர்தான். அவருடைய ஆய்வு நிறுவனம் 2007-இல் குட்டநாட்டுக்காக அளித்த அறிக்கையும் நீர் வெளியேறும் வழிகளைச் சீராக்குவதை வலியுறுத்தியது.

வெள்ளம் இந்த நிலத்துக்குப் பகை என்று எண்ணினால் மீதி எல்லாமே பிழையாகும். குட்டநாட்டின் பெரும்பகுதியில் முதன்மையான சாகுபடி 'புஞ்ச' என்னும் நெற்பருவம். மழைக்காலம் கழிந்ததும் வயல்நீரை இறைத்து வெளியேற்றி, ஐப்பசி கார்த்திகை வாக்கில் விதைத்து, கோடை தொடங்கும் வாக்கில் அறுப்பார்கள். இறைக்கும் கருவிக்கு 'பெட்டியும் பறையும்' என்று பெயர். இங்குள்ள கரிநிலங்களின் மண் புளிப்பு மிகுந்தது. அந்தப் புளிப்பையும் கோடையில் ஏறிய உப்பையும் கழுவிக் கொண்டுபோய், வண்டலைப் படியவிட்டுப் போவது மழைக்கால வெள்ளமே. வெள்ளம் ஓராண்டு வராமல் போனால் முதலில் கவலைப்படுபவர் உழவர். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் மரபு வேளாண்முறையாக அங்கீகரித்தது. ஆகவே நிலம் மூழ்குவதைத் தடுப்பது சாலைப் பொறியாளரின் வேலை ஆகாது. நிலம் மூழ்கியிருக்கும்போது மனிதர் எப்படிப் போய்வருவது என்பதே அவர் முன்னுள்ள கேள்வி.

அதற்கு எவருக்கும் முதலில் தோன்றும் விடை, மண்ணைக் கொட்டிச் சாலையை உயர்த்துவது. மூன்று விடைகளில் மோசமானது இதுதான். உயர்ந்த சாலை ஓர் அணையாகிவிடும். மேற்புறத்தில் நீர்மட்டம் ஏறும், அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வெள்ளம் கூடும். ஏறிய நீர் பாலத்தின் கண்களில் வேகமாகப் பாய்ந்து அடித்தளத்தை அரிக்கும். கண் போதாவிட்டால் சாலைமேல் வழிந்து மறுபுறச் சரிவைக் கரைத்துவிடும். குட்டநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடியில் இருப்பது ஆழமான இளகிய களிமண். மேலே கொட்டும் ஒவ்வொரு சுமைக்கும் அது அமுங்கிக் கொடுக்கும். உயர்த்திய சாலை தன் எடையாலேயே மெல்ல இறங்கும், மறுபடி உயர்த்த வேண்டிவரும்.

இதைவிடப் பெரிய சேதம் மெதுவாக நடப்பது. ஒருபோதும் நனையாத சாலையின் இருமருங்கும் மனைகளாகும். மனைக்காக வயல் தூர்க்கப்படும். தூர்த்த இடத்தில் நின்ற நீர் அடுத்த ஊருக்குப் போகும். நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேரளம் 2008-இல் இயற்ற நேர்ந்தது இத்தகைய தூர்ப்பினால்தான். தமிழ்நாட்டு வாசகருக்குச் சென்னையின் பள்ளிக்கரணை எடுத்துக்காட்டே போதும். சதுப்புநிலத்தை ஊடறுத்துப் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வந்தது, கட்டடங்கள் தொடர்ந்தன. எஞ்சிய சதுப்புக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தபோது அது பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியிருந்தது.

இரண்டாவது விடை, சாலையைத் தூண்கள்மேல் ஏற்றி, நீரை அடியில் விடுவது. செலவு மிகுதி. ஆயினும் மருத்துவமனைக்கு வேறு வழியில்லாத பாதைக்கு அந்தச் செலவு தகும். 2020-இல் தொடங்கிய ஏ.சி. ரோட்டின் மறுசீரமைப்பு இந்த வழியைப் பாதி ஏற்றுக்கொண்டது. ஒன்னாங்கரை, மங்கொம்பு, பண்டாரக்களம் உள்ளிட்ட தாழ்ந்த இடங்களில் ஐந்து மேம்பாலங்கள் திட்டமிடப்பட்டன. சில இடங்களில் வெள்ளம் சாலையைக் குறுக்கே கடக்கத் தரைப்பாலங்களும் சேர்க்கப்பட்டன. முழுவதையும் மண்ணால் உயர்த்தாமல் விட்டது சரியான முடிவு.

மூன்றாவது விடை, மூழ்கவிடுவது. தமிழ்நாட்டின் ஆற்றோரத்துச் சிற்றூர்களுக்குத் தரைப்பாலம் பழகியது. வெள்ளம் வந்தால் மேலே வழியும், வடிந்தால் வண்டி போகும். ஆனால் மூழ்கும் சாலைக்குத் தனிக் கட்டுமானம் வேண்டும். தார்த்தளம் ஊறிப் பெயரும் என்பதால் கான்கிரீட் தளம், இரு சரிவுகளிலும் கல் பதிப்பு, நீரோட்டத்தைத் தடுக்காதபடி சுவருக்குப் பதில் இடைவெளிவிட்ட காவல்கற்கள், ஆழம் காட்டும் அளவுகோல் கம்பங்கள் ஆகியவை தேவை. சிறிய கார் மிதக்க, ஓடும் நீரில் 30 சென்டிமீட்டர் ஆழம் போதும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். எனவே நீர் ஏறும் முன்பே பாதையை அடைக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். குட்டநாட்டின் உட்சாலைகளுக்கு இதுவே பொருந்தும். அங்கே சாலைக்கு முந்திய வழி நீர்வழி. மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் இன்றும் ஓடுகின்றன. சாலை மூடும் நாளில் படகுத்துறை திறந்திருந்தால் மூழ்குதல் முடக்கமாகாது.

எந்த விடையானாலும் அது நிலைப்பது பாலக் கண்களின் துப்புரவைப் பொறுத்தது. ஆகாயத்தாமரை படர்ந்து அடைத்த மதகும், வண்டல் மேவிய பாலமும் வரைபடத்தில் மட்டுமே திறந்திருக்கும். ஜூன் மாதம் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் அவற்றை அள்ளித் திறக்க வேண்டும். ஏ.சி. கால்வாயில் வெட்டாமல் விட்ட பகுதியையும் வெட்டி முடிக்க வேண்டும்.